தில்லியில் குடும்பத்தோடு முதல் குளிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றலாகியோ புதிய வேலை கிடைத்தோ தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குக் குடிவரும் குடும்பங்கள், தீபாவளி முடிந்த கையோடு எங்களிடம் கேட்கத் தொடங்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கணவருக்கு மத்திய தலைமைச் செயலகத்தில் வேலை. எனக்குக் குருகிராமில் ஒரு தனியார் நிறுவனத்தில். இரண்டு பிள்ளைகள். பதினெட்டுக் குளிர்காலங்களை இங்கே கழித்த அனுபவத்திலிருந்து எழுதும் பதில்கள் இவை.

தில்லியில் உண்மையிலேயே அவ்வளவு குளிருமா? எத்தனை நாளைக்கு?

நவம்பர் நடுவில் இரவு மின்விசிறியை நிறுத்துவீர்கள். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை கடுங்குளிர். பிப்ரவரியில் அது மெல்ல இறங்கிவிடும். ஜனவரி இரவுகளில் 5 முதல் 8 டிகிரி வரை இருப்பது சாதாரணம். 2021 ஜனவரி 1 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது.

ஆனால் செய்தித்தாள்கள் பெரிதாகப் போடும் அந்த இரவுக் குளிர் நம்மை அவ்வளவாக வாட்டுவதில்லை. அந்நேரம் நாம் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் இருப்போம். வாட்டுவது பகல் குளிர்தான். 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 1901-க்குப் பிறகு டிசம்பர் மாதத்தில் அவ்வளவு குளிர்ந்த பகல் வந்ததில்லை என்று அப்போது அறிவித்தார்கள். மூடுபனி மேலே தளம்போட்டது போல நின்று, சூரியன் இருக்குமிடமே தெரியாமல் போகும் இத்தகைய நாள்கள் ஒவ்வோர் ஆண்டும் சில வரும். தில்லி வீடுகள் மே மாத வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை என்பதால், மொசைக் தரையும் தடித்த சுவரும் குளிரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வீதியைவிட வீட்டுக்குள் அதிகம் குளிர்வதைக் கண்டு, புதிதாக வருபவர்கள் முதலில் திகைத்துப் போவார்கள்.

வேலை நாள், விடுமுறை நாள் இரண்டிலும் குடும்பத்தோடு வெளியே போக ஏற்ற நேரம் எது?

பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை. ஜனவரி தொடக்கத்தில் இங்கே சூரியன் காலை 7.15-க்குத்தான் எழும், மாலை 5.40-க்குள் மறைந்துவிடும். எழுந்த பிறகும் பதினொரு மணிவரை அதில் சூடு இராது. நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் இருக்கும், கதகதப்பு இராது. ஆக ஒரு நாளில் உருப்படியான வெயில் என்பது ஐந்து மணி நேரம். மத்திய அரசு அலுவலகத்தின் நேரமோ ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை. வாரத்தில் ஐந்து நாள் வெயிலை அலுவலகமே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இந்த நகரத்துக் குளிர்காலக் குடும்ப வாழ்க்கையின் முடிச்சு. மற்ற ஏற்பாடுகளெல்லாம் இதை அவிழ்க்கும் முயற்சிகளே.

சென்னையில் ‘வெயிலில் அலையாதே’ என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். வெளியே போவதென்றால் காலை ஆறு மணிக்கோ, மாலை ஐந்து மணிக்கு மேலோ என்பதே நம் கணக்கு. அந்தக் கணக்கை இங்கே அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். இந்தியில் ‘தூப் சேக்னா’ என்பார்கள்; வெயிலில் உடம்பைக் காட்டிச் சூடேற்றிக்கொள்வது. நெருப்பில் குளிர்காய்வதற்கு நம்மிடம் சொல் உண்டு; வெயில் காய்வதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்வதை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை அயர்ந்து தூங்கிவிட்டோமே என்று வருந்தாதீர்கள். பத்தரைக்குக் கிளம்பினால் போதும். ஆனால் பன்னிரண்டுக்கு மேல் கிளம்பினால் அந்த வாரம் போயிற்று.

வாடகை வீடு பார்க்கும்போது குளிர்காலத்துக்கென்று எதையாவது கவனிக்க வேண்டுமா?

பால்கனி தெற்குப் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் சென்னையில் அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 டிகிரிதான். தெற்கே சாய்ந்து தாழ்ந்து போகும் அந்த வெயில் தெற்கு பால்கனி வழியாக அறையின் நடுப்பகுதி வரை வந்து படுக்கும். வடக்குப் பார்த்த வீட்டில் டிசம்பர், ஜனவரி முழுதும் ஒரு கீற்றுக்கூட நுழையாது. ஊரில் வாஸ்து பார்த்து வடக்கு வாசலைத் தேடிப் பழகியவர்கள், வாசல் எங்கே இருந்தாலும் பால்கனியை மறந்துவிடக் கூடாது.

தரகர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வீடு காட்டுவார்கள். அப்போது வெயில் படாத வீடே சொர்க்கமாகத் தெரியும். நாங்கள் முதலில் அப்படித்தான் ஏமாந்தோம். துணி காய இரண்டு நாள் ஆன அந்த வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தி அனுப்பியிருக்கிறேன். மொட்டை மாடிக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டா என்பதையும் வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

அலுவலகத்தில் இருந்துகொண்டே கொஞ்சம் வெயில் காய வழி உண்டா?

உண்டு, பழைய தில்லிவாசிகள் அதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். மத்திய அரசு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் புல்வெளிகளை ஜனவரியில் ஒரு மணிக்கு வந்து பாருங்கள். செய்தித்தாளை விரித்து வட்டம் வட்டமாக ஆள்கள் உட்கார்ந்திருப்பார்கள். டிபன் பெட்டி மூடியில் முள்ளங்கியும் எலுமிச்சையும் நறுக்கி வைத்திருக்கும். சாப்பாடு முடிந்ததும் ஒருவர் கோட்டுப் பையிலிருந்து மூங்பலி, அதாவது ஓட்டோடு வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து நடுவில் கொட்டுவார். முதுகைச் சூரியனுக்குக் கொடுத்துக்கொண்டு கடலையை உடைத்தபடி பேசுவார்கள். முன்பெல்லாம் பெண் ஊழியர்கள் கையில் ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளும் இருக்கும்; இப்போது அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது. உணவு இடைவேளை விதிப்படி அரை மணிதான். ஜனவரியில் அது சற்று நீளுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என் கணவர் இந்தப் பக்கத்தைப் படிப்பார்.

குருகிராம், நொய்டா கண்ணாடிக் கட்டடங்களில் இந்த வசதி கிடையாது. உள்ளே சூடேற்றிய காற்று, வெளியே வண்டி நிறுத்துமிடம். அங்கே வேலை பார்ப்பவர்கள் வாரம் ஒரு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கி, அந்த நாளின் உணவு நேரத்தைப் பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரத்தோடு பொருத்திக்கொண்டால், வார நாளிலும் இருவருமாக மாடியில் அரை மணி உட்காரலாம். பதவி உயர்வைவிட இந்த அனுமதிக்காக நான் அதிகம் வாதாடியிருக்கிறேன்.

காற்று மாசு இருக்கும்போது குழந்தைகளை வெளியே அழைத்துப் போகலாமா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால், வண்டிப் புகை, கட்டுமானத் தூசி, குப்பையும் விறகும் எரிக்கும் புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் நகரத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் நெல் தாள் எரிக்கும் புகையும் சேர்ந்துகொள்கிறது. நண்பகலில் தரை சூடேறும்போது அந்த மூடி சற்றே திறக்கும். ஆகவே மாசிலும்கூடப் பகல் நேரமே பெரும்பாலும் மேல். விடியற்காலை நடைப்பயிற்சிதான் மிகவும் கெடுதல். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து நடக்கப் போகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’, 300-ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’, 400-ஐத் தாண்டினால் ‘கடுமை’ என்று வகைப்படுத்துகிறார்கள். எங்கள் வீட்டு வழக்கம் இது: 200 வரை எங்கும் போகலாம், 200-க்கும் 300-க்கும் இடையில் பகலில் போவோம், ஓடி விளையாட விடமாட்டோம், அதற்கு மேல் போனால் அந்த ஞாயிறு வீட்டில்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இந்த வரம்பை உங்கள் மருத்துவர் இன்னும் கீழே இறக்கச் சொல்வார். துணி முகக்கவசம் இந்த நுண்துகள்களைத் தடுக்காது. என்-95 வகைதான் பயன்படும், அதையும் சின்னக் குழந்தைகள் பத்து நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கமாட்டார்கள்.

குறியீடு மிகவும் ஏறிவிட்டால் ‘கிராப்’ என்று செய்திகளில் அடிபடும் படிநிலைத் திட்டத்தின்படி கட்டுமானப் பணிகள், சிலவகை வண்டிகள், பள்ளி வகுப்புகள் ஆகியவற்றின்மீது கட்டுப்பாடுகள் வரும். 2024 நவம்பரில் பள்ளிகள் இணையவழிக்குப் போயின. போக்குவரத்தைப் பரவலாக்குவதற்காக மாநகராட்சி அலுவலகங்கள் 8.30-க்கும், மத்திய அரசு அலுவலகங்கள் 9-க்கும், தில்லி அரசு அலுவலகங்கள் 10-க்கும் தொடங்கும்படி நேரத்தை மாற்றினார்கள். இப்படியொரு வாரம் திடீரென்று வரக்கூடும் என்று எண்ணி, யார் எந்த நாள் வீட்டில் இருப்பது என்பதை நவம்பர் தொடக்கத்திலேயே கணவனும் மனைவியும் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

ஜனவரியில் பள்ளி விடுமுறை. எங்கள் இருவருக்கும் வேலை. என்ன செய்வது?

தில்லிப் பள்ளிகள் பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில் குளிர்கால விடுமுறை விடும்; கேந்திரிய வித்யாலயாக்களில் டிசம்பர் கடைசியில். குளிர் கடுமையானால் முதல் நாள் மாலை செய்தி அனுப்பி விடுமுறையை நீட்டிவிடுவார்கள். அதற்கு நீங்கள் தயாராக இருக்கமாட்டீர்கள், யாருமே இருப்பதில்லை.

மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுதிலும் 730 நாள், ஒரு முறைக்குக் குறைந்தது ஐந்து நாள், ஒரு காலண்டர் ஆண்டில் மூன்று தடவைக்கு மேற்படாமல். அதில் ஒரு தடவையை ஜனவரிக்கென்று ஒதுக்குவது அறிவுடைமை. தனியார் துறையில், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று, 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, சட்டம் சொல்கிறது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்கவும் உரிமை தருகிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்தக் காப்பகம் காகிதத்தில் மட்டுமே இருந்தது. கேட்ட பிறகு ஓர் அறையைத் திறந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஆகவே வேலையில் சேரும் முன்பே அறையை நேரில் பார்த்துவிடுங்கள்.

மற்றபடி எங்களைக் காப்பாற்றியது அண்டை வீடுதான். ஒரே தளத்தில் மூன்று குடும்பங்கள். ஆளுக்கொரு நாள் விடுப்பு. ஆறு பிள்ளைகளும் அன்றைக்கு அந்த வீட்டு மாடியில். எங்கள் பிள்ளைகள் பஞ்சாபி கற்றுக்கொண்டது இப்படித்தான். பக்கத்து வீட்டுப் பையன் ரசத்துக்கு அடிமையானதும் இப்படித்தான்.

எங்கே போகலாம்?

முதல் குளிர்காலத்தில் நுழைவுக்கட்டணமே இல்லாத லோதி தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். சையது, லோதி அரச குலத்தவரின் கல்லறைகளைச் சுற்றி இருந்த கைர்பூர் என்ற ஊரை வெளியேற்றி 1936-இல் ஆங்கிலேயர் அமைத்த பூங்கா அது. குழந்தைகளுக்கு வரலாறு வேண்டாம். அகன்ற படிக்கட்டுகளும் அணில்களும் போதும். புல்தரையில் காலை ஈரம் பதினொரு மணிவரை காயாது என்பதால் கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் பாயும், அதன்மேல் ஒரு போர்வையும் வேண்டும். வெறும் போர்வையோடு போய் நனைந்து திரும்பிய குடும்பத்தை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கூட்டம் பிடிக்காதவர்கள், ஹுமாயூன் கல்லறைக்கு அருகில் 2018-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரிப் பூங்காவுக்குக் கட்டணம் கொடுத்துப் போகலாம்.

என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, பழைய கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய உயிரியல் பூங்கா; வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே கூண்டுகளைவிடக் குளங்களைப் பாருங்கள். மழைக்காலம் முடியும்போது சங்குவளை நாரைகள் தாமாகவே பறந்து வந்து குளத்து மரங்களில் கூடு கட்டும். டிசம்பரில் குஞ்சுகள் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். வேடந்தாங்கலில் நாம் பார்க்கும் அதே பறவைதான். குருகிராமுக்கு அப்பால் இருக்கும் சுல்தான்பூர் சரணாலயத்துக்குப் போனால் வரித்தலை வாத்துகளைக் காணலாம், இமயத்தைத் தாண்டி வரும் அந்த வாத்துகளில் ஒரு பகுதி திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரைக்கும் போகிறது என்று சொன்னபோது, “அப்போ தாத்தா ஊருக்குப் போகுதா?” என்று என் மகள் கையசைத்து வழியனுப்பினாள். சுல்தான்பூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மேகமில்லாத நாளாகப் பார்த்து ஜந்தர் மந்தருக்குப் போங்கள். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய் சிங் 1724-இல் கட்டிய வானாய்வுக்கூடம் அது. அதன் பெரிய யந்திரம் உண்மையில் ஒரு மாபெரும் நிழற்கடிகாரம். நிழலின் விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு ஆரஞ்சு உரித்துத் தின்று முடித்துப் பார்த்தால், நிழல் கல்லைத் தாண்டி நகர்ந்திருக்கும். மூடுபனி நாளில் போனால் அது வெறும் சிவப்புச் சுவர்தான்.

சாணக்கியபுரியில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கள்கிழமை விடுமுறை, குட்டி ரயிலுக்கு வரிசை நீளம். செங்கோட்டைக்கும் திங்களன்று விடுமுறையே. பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 2023-இல் முகலாயத் தோட்டம் என்ற பெயர் மாறி அம்ரித் உத்யான் ஆனது. கட்டணம் இல்லை, இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. குடியரசு தின அணிவகுப்பைக் குழந்தையோடு நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: விடியற்குளிரில் பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்து மூன்று, நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தொலைக்காட்சியே உத்தமம்.

சுல்தான்பூரைத் தவிர மற்ற இடங்களுக்கெல்லாம் மெட்ரோவிலேயே போகலாம். 90 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும் என்பதால் குடும்பமாக ஏறும்போது நடுப்பெட்டிக்குப் போய் நில்லுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு கணவர் ஒரு பெட்டியிலும் மற்றவர்கள் இன்னொரு பெட்டியிலும் ஏறி, ராஜீவ் சௌக் நெரிசலில் ஒருவரையொருவர் தேடிய கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

தில்லியில் பனி விழுமா?

விழாது. நம் மொழியில் அதிகாலை ஈரத்துக்கும் மூடுபனிக்கும் இமயத்தில் கொட்டும் வெண்பனிக்கும் ‘பனி’ என்ற ஒரே சொல் இருப்பதால், ‘தில்லியில் கடும் பனி’ என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் பனிமனிதன் செய்யும் கனவோடு வந்துவிடுகிறார்கள். அதற்குச் சிம்லா, மணாலிப் பக்கம் போக வேண்டும். அங்கும் நினைத்த நாளில் விழாது.

டிசம்பர் விடுமுறையில் ஆக்ராவுக்குக் காரில் போய்வரலாமா?

போகலாம், ஆனால் விடியற்காலையில் கிளம்பாதீர்கள். யமுனை விரைவுச் சாலையில் மூடுபனி நேரத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொள்ளும் விபத்துகள் நடக்கின்றன; குளிர்காலத்தில் அங்கே வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். அரும்பாடுபட்டு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் தாஜ்மகால் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் ஒருமுறை வாசலைக் கடந்து உள்ளே நின்றபோது எதிரே வெள்ளைத் திரைதான் இருந்தது. பத்தரை மணிக்கு மேல் முதலில் குமிழின் நுனி தெரிந்தது. பிப்ரவரி நடுவுக்குத் தள்ளிப் போடுவது எல்லா வகையிலும் நல்லது. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் துயரமான குரலில் கேட்கப்படுவது இதுதான். சென்னையில் எட்டு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழியும் மாவு, ஜனவரியில் இங்கே ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாலும் அரைத்தபடியே கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். கரண்டியால் கலக்காமல் கையால் கலக்குங்கள். பிறகு பாத்திரத்துக்குச் சூடு வேண்டும். ஓவன் எனப்படும் மின் அடுப்புப் பெட்டி இருப்பவர்கள் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை அதற்குள் வைக்கலாம். அது இல்லாத காலத்தில் என் மாமியார் காலையில் நாங்கள் எழுந்ததும் சூடு ஆறாத ரஜாய்க்குள் பாத்திரத்தை வைத்து, குழந்தையை மூடுவது போல நான்கு பக்கமும் மடித்துவிடுவார். ஒருநாள் என் மகன் அதன்மேல் தாவிக் குதித்தான். அந்த ரஜாயைப் பற்றி மேற்கொண்டு கேட்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஞாயிறு காலை இட்லி வேண்டுமானால் வெள்ளி இரவே அரைத்துவிடுங்கள். சனிக்கிழமை பகல் முழுதும் பாத்திரம் பால்கனி வெயிலில், உங்களோடு சேர்ந்து காயட்டும். தயிருக்கும் இதே வைத்தியம்தான். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும்; கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பூங்காவுக்கு எடுத்துப் போகும் இட்லிக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, ஹாட்பாக்கில் துணி விரித்து அடுக்குங்கள். எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனால் மதியத்துக்குள் விறைத்துவிடும்.

ஊர்ச் சமையலையே பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டாம். செக்கச்சிவந்த தில்லி கேரட் இந்த மாதங்களில்தான் வரும். அதில் செய்யும் அல்வாவுக்கும் நம் ஆரஞ்சு கேரட்டில் செய்வதற்கும் தொடர்பே இல்லை. தள்ளுவண்டியில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக் எல்லாத் தெருவிலும் கிடைக்கும். பழைய தில்லிச் சந்துகளில் பால் நுரையை மட்டும் வழித்தெடுத்துச் செய்யும் ‘தௌலத் கி சாட்’ குளிர்காலத்துக்கே உரியது. வெயில் ஏறினால் கரைந்துவிடும் என்பதால், அதற்காக மட்டும் காலையில் சீக்கிரம் கிளம்பச் சம்மதிப்பேன்.

என்ன ஹீட்டர் வாங்குவது?

படுக்கையறைக்கு எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை நல்லது. விலை அதிகம், காற்றை அவ்வளவாக உலர்த்தாது. வீட்டு வேலையின் நடுவே கால் மணி நேரம் கை காய, சூடான காற்றை ஊதும் ப்ளோயர் போதும். எதை வைத்தாலும் தனிப் பிளக்கில் வையுங்கள்.

இதில் ஒன்றைமட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள் ‘அங்கீடி’ என்னும் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்துபோகும் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு கீசர் வைத்த வீட்டையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு உதவ வருபவர்களும் காவலாளியும் இரவில் எதை எரிக்கிறார்கள் என்று விசாரித்து, முடிந்தால் ஒரு நல்ல ரஜாயை வாங்கிக் கொடுங்கள்.

உடைகளை ஊரிலேயே வாங்கிவர வேண்டுமா?

வேண்டாம். இங்கே வந்து, நவம்பர் தொடக்கத்தில் சரோஜினி நகர் சந்தையிலோ ஜன்பத் திபெத்தியக் கடைகளிலோ வாங்குங்கள். சரோஜினி நகருக்குத் திங்கள் விடுமுறை. உள்ளே போடும் தெர்மல் நல்ல தரமாக இருக்கட்டும்; பகலில் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய இரண்டு அடுக்குகள் மேல். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் பழக்கத்தை மூன்று மாதம் மறந்துவிடுங்கள்.

பெற்றோரை எப்போது வரவழைக்கலாம்?

பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு மேல். டிசம்பர் 20 முதல் ஜனவரி 20 வரை வேண்டவே வேண்டாம். சென்னையிலிருந்து 2,180 கி.மீ. வரும் ரயில், கடைசி இருநூறு கிலோமீட்டரில் மூடுபனியில் சிக்கி ஊர்ந்து வரும். என் மாமனார் முதல்முறை வந்தபோது பதினொரு மணி நேரம் தாமதம். கட்டிக் கொடுத்த புளியோதரை மதுராவுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. வந்தபின் பதினைந்து நாளும் ஓர் அறைக்குள் ஹீட்டர் முன் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அவருடைய கணக்கில் தில்லி என்பது ஒரு ஜன்னல், ஒரு ஹீட்டர்.

ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்றால், குளியலைக் காலை ஐந்து மணியிலிருந்து நண்பகலுக்கு மாற்றச் சம்மதிக்க வையுங்கள். ஆசாரம் பார்ப்பவர்களிடம் இது கடினம். இரத்த அழுத்தத்தைக் காட்டி மருத்துவரையே சொல்லவைத்தால் கேட்பார்கள். பகலில் மாடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் பக்கத்து மாடிப் பெரியவர்களோடு, மொழியே தெரியாமலும், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பொங்கலுக்கு விடுமுறை உண்டா? கரும்பு கிடைக்குமா?

மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு இரண்டு விருப்ப விடுமுறை எடுக்கலாம். பொங்கல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் உங்கள் விடுப்புதான். ஜனவரி 13 இரவு காலனி முழுதும் பஞ்சாபியரின் லோஹ்ரிப் பண்டிகை நெருப்பைச் சுற்றிக் கடலையும் பொரியும் போட்டுக்கொண்டிருப்பார்கள். சில ஆண்டுகளில் நம் போகியும் அன்றுதான். பொங்கலன்று காலை உதயத்தில் பால் பொங்க வேண்டுமென்றால் 7.15 வரை காத்திருக்கலாம், அந்த வகையில் தில்லி வசதி. சூரியன் தெரியாவிட்டால் கிழக்கைப் பார்த்துக் கும்பிட வேண்டியதுதான். கரும்பு, வாழை இலை, மஞ்சள் கொத்து, சின்ன வெங்காயம் முதலியவற்றுக்கு ஐ.என்.ஏ. சந்தைத் தென்னிந்தியக் கடைகளில் கேளுங்கள். அன்று மாலை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனால், இந்த நகரில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றனவா என்று வியப்பீர்கள்.

கம்பளிகளை எப்போது கட்டிவைக்கலாம்?

ஹோலி வரை பொறுங்கள். பிப்ரவரி நடுவில் திடீரென்று வெயில் சுட்டெரிக்க, எல்லாரும் ரஜாயை மடித்துவைப்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேகம் ஒருநாள் மழையைக் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலை மீண்டும் பல் கிட்டிக்கும். எல்லாவற்றையும் மூட்டை கட்டினாலும் ஆளுக்கொரு சால்வையை வெளியே வைத்திருங்கள். கட்டிவைக்கும் முன் ரஜாய்களை இரண்டு ஞாயிறு மாடியில் விரித்து, புரட்டிப் போட்டு, தட்டிக் காயவிட்டு, அந்துருண்டையோடு பெட்டியில் வையுங்கள். அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நீங்களே வெயிலில் நிற்க முடியாமல் நிழலுக்கு ஒதுங்குவீர்கள்.